தட்டின் நடுவே ஒரு மடிப்பு

அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் அவருக்கென்று நல்ல சுழல் நாற்காலி ஒன்று இருந்தது. அதில் எப்போதும் அட்டைக் கட்டுகள்தான் உட்கார்ந்திருக்கும். அவர் மேஜையைச் சுற்றிச் சுற்றி நடப்பார். நடக்கும்போது வலது கைக் கட்டைவிரல் எதன் விளிம்பையாவது தடவிக்கொண்டே போகும். மேஜை விளிம்பு, ஜன்னல் கம்பி, டீ கிளாஸின் வாய், ஒன்றும் அகப்படாவிட்டால் தன் சட்டைக் காலர். பார்க்கிற நமக்குத் தலை சுற்றும். கொஞ்சம் உட்காருங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்று நானே எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறேன். சிரித்துவிட்டு இன்னும் வேகமாக நடப்பார்.

அவர் பெயரைக் கம்பெனியில் யாரும் சொல்வதில்லை. மாஸ்டர், அவ்வளவுதான். நானும் அப்படியே சொல்கிறேன். ஷூ வாங்கும் வெளிநாட்டுப் பையர்கள் அனுப்பும் படத்தைப் பார்த்து, ஷூவின் ஒவ்வொரு துண்டுக்கும் கெட்டி அட்டையில் அளவு வெட்டிக் கொடுப்பது அவர் வேலை. எங்கே தையல் ஓட வேண்டும் என்று அதே அட்டையில் வரிசையாகப் புள்ளி குத்தி வைப்பார். அந்த அட்டையை வைத்துத்தான் கீழே தோலை வெட்டுவார்கள், தைப்பார்கள். நான் மெர்ச்சண்டைசர். பையர் கேட்பதை மாஸ்டருக்கும், மாஸ்டர் திட்டுவதைக் கொஞ்சம் பாலிஷ் போட்டுப் பையருக்கும் சொல்கிற வேலை. நாலு வருஷம் அவருக்கு எதிர் மேஜையில் இருந்தேன். இதெல்லாம் முடிந்து இப்போது சில வருஷங்கள் ஆகின்றன.

அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் உண்டு. "இது எதைப் பார்த்துப் பண்ணது?" எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் இதுதான். ஒரிஜினல் எங்கே, அதை யார் பார்த்தார்கள், யாரிடமிருந்து யார் கைக்கு வந்தது. பதில் கிடைக்கும்வரை ஆள் அடங்க மாட்டார்.

ஆம்பூரில் பிரியாணிக் கடைக்கா பஞ்சம். ஒருமுறை ஒரு பெரிய ஷிப்மெண்ட் போன சந்தோஷத்தில் செக்‌ஷன் முழுக்க ஹைவே பக்கம் புதிதாகத் திறந்த கடைக்குப் போனோம். மாஸ்டர் நின்றபடியே ஒரு வாய் வைத்தார். கத்தரிக்காய்த் தொக்கை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, உள்ளே ஆக்குகிற ஆள் யாரிடம் கற்றுக்கொண்டவர் என்று கேட்டார். அந்த மனுஷன் முழித்தான். நேராக அடுப்படிக்கே போய்விட்டார் இவர். எங்களுக்கெல்லாம் மானம் போகிறது. பத்து நிமிஷம் கழித்து வெற்றியோடு திரும்பி வந்தார். ஆக்குகிறவர் கல்யாணச் சமையல்காரர் ஒருவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டவராம். "ஐநூறு பேருக்குப் போடற உப்பை அம்பது பேருக்குப் போடறான். அதான் ஜாஸ்தி" என்றார். உப்பு உண்மையில் ஜாஸ்திதான்.

வேலூர் லாங் பஜாரில் ஒரு பெல்ட் வாங்கப்போய் அவர் பண்ணின கூத்து தனிக்கதை. பக்கிளில் ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் குதிரை முத்திரை. குதிரைக்கு மூன்று கால்தான் இருக்கிறது என்றார் மாஸ்டர். நாலாவது கால் பின்னால் மறைந்திருக்கிறது பாய் என்றான் கடைக்காரன். பின்னால் மறைந்தால் குளம்பாவது தெரியும், நீ எதைப் பார்த்து இதை அடித்தாய் என்று அரை மணி நேரம். பின்னால் தள்ளுவண்டிக்காரர் வழி விடச் சொல்லிக் கத்துகிறார், டூவீலர்கள் ஹாரன் அடிக்கின்றன, மாஸ்டருக்குக் காதில் விழவே இல்லை. கடைசியில் பெல்ட்டும் வாங்கவில்லை. தன் மச்சினி மகளுக்கு மாப்பிள்ளை போட்டோ வந்தபோதுகூட, "ஆளைக் கூட்டினு வாங்க, போட்டோவைப் பார்த்து முடிவு பண்ணா தப்பாப் பூடும்" என்று வெளியே போய்விட்டாராம். வீட்டில் அத்தனை பேரும் ஒரு மாசம் பேசவில்லை. அவரே சொல்லிச் சிரிப்பார்.

இந்த இடத்தில் என் அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் மாஸ்டர் உங்களுக்கு வெறும் வேடிக்கை மனுஷனாகத் தெரிவார்.

நான் சேர்வதற்கு ஒரு வருஷம் முன்புவரை அதே கம்பெனியில் அக்கா ஸ்டிச்சிங் லைன் சூப்பர்வைசர். அப்பா இல்லாத வீடு. குடியாத்தத்திலிருந்து விடிகாலையில் கம்பெனி பஸ் பிடித்துப் போய் அவள் சம்பாதித்த சம்பளத்தில்தான் நான் காலேஜ் படித்தேன். ஒரு லேடீஸ் பூட் ஆர்டரில், பக்கவாட்டுத் துண்டின் நடுவில், இருக்கவே கூடாத ஒரு தையல் வரிசை ஓடிவிட்டது. துணியென்றால் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். தோலில் ஊசி ஓட்டை விழுந்தால் விழுந்ததுதான். மொத்த லாட்டும் ரிஜெக்ட். விசாரணை வைத்தார்கள். அட்டையில் புள்ளி இருந்தது, அதனால்தான் தைக்கச் சொன்னேன் என்றாள் அக்கா. அட்டையை எடுத்துவந்து பார்த்தார்கள். புள்ளி இல்லை. வேறு மாடலின் தையலைக் கவனமில்லாமல் இதில் ஓட்டிவிட்டாய் என்று எழுதி, அவளிடமே கையெழுத்து வாங்கி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று அவள் ஏறி இறங்காத கம்பெனி இல்லை. எல்லா ஊர் சூப்பர்வைசர்களும் ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள். பெயரைச் சொன்னதும் பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். கடைசியில் வீட்டிலேயே ஒரு மிஷின் போட்டு, லுங்கி நெய்யும் தறிக்கொட்டகைகளுக்கு நூல் சுற்றிக் கொடுக்க ஆரம்பித்தாள். அவளுக்கு வேலை போனதைவிட, தப்பு அவளுடையது இல்லை என்று சொல்ல ஒரு ஆள்கூட இல்லாததுதான் உறுத்தல். அதற்காகத்தான் உள்ளுக்குள் காத்திருந்தாள். நான் சொன்னேனா? வாயால் சொன்னேன். மனசுக்குள் எனக்கும் சந்தேகம்தான். அட்டையில் இல்லாத புள்ளி கண்ணுக்கு எப்படித் தெரியும்? அலுப்பில் கண் அசந்திருப்பாள், பாவம், ஒத்துக்கொள்ள வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அங்கேயே வேலை கிடைத்தபோது போகச் சொன்னதும் அவள்தான். யாருடைய தங்கை என்று மட்டும் வெளியில் சொல்லாதே என்றாள்.

மூன்று மாதம் சொல்லவில்லை. ஒரு நாள் தோல் சாம்பிளைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சுண்டுவிரலை வெளியே நீட்டிக் கத்தரிக்கோல் பிடிக்கிற பழக்கம். சுற்றிக்கொண்டிருந்த மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டார். யாரைப் பார்த்து இப்படிப் பிடிக்கிறாய் என்றார். எங்கள் அக்காவைப் பார்த்து என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். எந்த அக்கா என்றார். அவரிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அதையும் சொன்னேன். மேஜை விளிம்பில் ஓடிக்கொண்டிருந்த கட்டைவிரல் நின்றது. அப்புறம் வெளியே போய்விட்டார்.

அன்றிலிருந்து என்னிடம் ஆள் சரியில்லை. என் மேஜையை நோக்கிப் பாதி தூரம் வருவார், திரும்பிப் போவார். பக்ரீதுக்கு எல்லோருக்கும் ஒரு டப்பா பிரியாணி என்றால் எனக்கு மட்டும் இரண்டு, ஒன்று வீட்டுக்கு. மாசத்துக்கு ஒரு முறை எங்கேயோ பார்த்துக்கொண்டு, "உங்க அக்கா இப்ப இன்னா பண்றாங்க?" என்று கேட்பார். பேரன் எடுத்த மனுஷனுக்கு என் அக்கா மேல் என்ன இத்தனை அக்கறை என்று எனக்கு எரிச்சலாக வரும். ஒருமுறை வெடுக்கென்று, வேலை போட்டுத் தரப் போகிறீர்களா, சும்மா சும்மா கேட்கிறீர்களே என்று கேட்டுவிட்டேன். முகம் சுருங்கிப்போயிற்று. அடுத்த மாசமும் கேட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் தட்டு வந்தது.

ஐரோப்பாவில் சின்னதாக ஒரு ஷூ பிராண்ட் நடத்துகிற பையர் ஒருவர். தன் குடும்ப முத்திரையை பூட்ஸின் உள்பக்க அட்டையில் அச்சடிக்க வேண்டும் என்றார். போட்டோவில் நிறமும் கோட்டின் கனமும் சரியாக வராது என்று அந்த முத்திரை இருக்கிற பீங்கான் தட்டையே கூரியரில் அனுப்பிவிட்டார். இருநூறு வருஷத்துக்கும் மேல் பழையது, சீனாவில் செய்தது என்று கடிதம். அவருடைய முன்னோர் முத்திரையைக் காகிதத்தில் வரைந்து கப்பலில் சீனாவுக்கு அனுப்பினார்களாம். அங்கே இருந்த பெயிண்டர்கள் அதைப் பார்த்து தட்டுத் தட்டாக எழுதி அனுப்பினார்களாம். அப்படி வந்த பெரிய செட்டில் இன்னும் பல தட்டுகள் வீட்டில் இருக்கின்றன, இது ஓரம் பெயர்ந்தது, ஆகவே பயப்படாமல் கையாளுங்கள் என்று எழுதியிருந்தார்.

மாஸ்டர் பயப்படாமல் இருப்பாரா. கை கழுவித் துடைத்துக்கொண்டுதான் தொட்டார். பால் வெள்ளை, கொஞ்சம் நீலம் தட்டினாற்போல. நடுவில் ஒரு கேடயம், பாதி சிவப்பு பாதி நீலம், அதில் மூன்று குருவிகள். மேலே இரும்புத் தொப்பி, சுற்றிலும் இலை, கீழே ரிப்பனில் ஏதோ எழுத்து. தடவித் தடவிப் பார்த்தார். கடிதத்தைத் தமிழில் சொல்லச் சொல்லி இரண்டு முறை கேட்டார். "அவன் படம் அனுப்பறான். இவன் பார்த்துப் போடறான். நம்ம வேலைதான்மா இது" என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

கம்ப்யூட்டரில் முத்திரையை வரைந்து எடுத்தாயிற்று. அதில் கேடயத்தின் நடுவே இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை மெல்லிசாக ஒரு பழுப்புக் கோடு. தட்டில் இருக்கிறது, அதனால் போட்டிருக்கிறோம். மாஸ்டர் அதைப் பார்த்ததும் நடையை நிறுத்தினார். தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்து பிரிண்டரிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவி, பாதியாக மடித்து, நகத்தால் நன்றாக அழுத்தி, பிரித்துத் தட்டின் பக்கத்தில் வைத்தார்.

"இது முத்திரை இல்லமா. மடிப்பு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. படம் வரைந்த காகிதத்தை மடித்து அனுப்பியிருக்கிறார்கள். கப்பலில் மாசக்கணக்கில் கிடந்து, மடிப்பில் அழுக்கு ஏறிப் பழுப்பாகியிருக்கிறது. பெயிண்டருக்கு அந்தக் குருவி என்ன, தொப்பி எதற்கு, ஒன்றும் தெரியாது. காகிதத்தில் கோடு இருக்கிறது, தட்டிலும் போட்டுவிட்டான். அதுவும் எல்லாத் தட்டிலும். "நடுக் குருவியோட மூக்கை வெட்டிக்கினு போவுது பாரு. விஷயம் தெரிஞ்சவன் போடுவானா? பயந்தவன் போடுவான். விட்டா திட்டு விழும்னு."

அப்படியானால் கோட்டை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். பையரிடம் கேள் என்றார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"இன்னொண்ணும் கேளு. அந்தப் பெயிண்டரை இன்னா பண்ணாங்கனு கேளு."

சிரித்துவிட்டேன். பையருக்கு இப்படியெல்லாம் மெயில் எழுத முடியுமா? கோட்டைப் பற்றி மட்டும் கேட்டு அனுப்பினேன். மறுநாள் காலை வந்ததும் கேட்டியா என்றார். மத்தியானம் கேட்டார். அடுத்த நாள் டீ ஆறி ஆடை கட்டிக் கிடக்கிறது, இவர் தட்டை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடக்கிறார். அவன் செத்து இருநூறு வருஷம் ஆயிற்று மாஸ்டர், ஏன் இப்படி பேஜார் பண்ணுகிறீர்கள் என்று கத்தினேன். கேளு என்றார் மறுபடி, மெதுவாக. தொல்லை விட்டால் போதும் என்று இன்னொரு மெயிலில் ஒரு வரி சேர்த்தேன்.

பதில் வந்தது. கோட்டை எடுக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார் அந்தப் பையர். ஊரில் அவர்கள் வீட்டு வாசலில் கல்லில் செதுக்கிய பழைய முத்திரையில் இந்தக் கோடு கிடையாது, தட்டில் வந்தது தப்பு என்று குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் குழந்தையிலிருந்து சாப்பிட்டது இந்தத் தட்டில்தான், கோடு இல்லாமல் பார்த்தால் தங்களுக்கே வேறு யாருடைய முத்திரையோபோல இருக்கும் என்றிருந்தார். பெயிண்டரைப் பற்றி ஒன்றும் தெரியாதாம். படம் போய்த் தட்டு வந்து சேர இரண்டு வருஷமாவது ஆகியிருக்கும், திருப்பி அனுப்பி யாரைக் கேட்பது, பேசாமல் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள் என்று முடித்திருந்தார்.

நான் தமிழில் சொல்லி முடித்தேன். மாஸ்டர் தட்டின் கோட்டைக் கட்டைவிரலால் தடவினார்.

"அப்ப அதுக்காக அங்க யாருக்கும் வேலை போவல" என்றார்.

தெரியவில்லையே மாஸ்டர், போயிருக்காது என்றுதான் நினைக்கிறேன் என்றேன். தட்டைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். டிபன் பையைக்கூட எடுக்காமல் கிளம்பிப்போனார். அடுத்த இரண்டு நாள் சாம்பிள் ரூமுக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை குடியாத்தத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். கம்பெனி ரெஜிஸ்டரில் என் விலாசத்தைப் பார்த்து வந்திருக்கிறார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அக்கா மிஷினை நிறுத்திவிட்டு வந்தாள். அம்மா நாற்காலி போட்டாள். அவர் வாசல்படியிலேயே நின்றார். கவரிலிருந்து ஒரு அட்டையை எடுத்து அக்காவிடம் நீட்டினார். பூட்ஸின் பக்கவாட்டுத் துண்டு. நடுவே மேலிருந்து கீழாக வரிசையாகப் புள்ளி குத்தியிருந்தது.

அவர் சொன்னது இதுதான். அந்த ஆர்டருக்குப் பையர் அனுப்பிய படம் மடித்து வந்திருக்கிறது. ஆபீஸில் அதை ஜெராக்ஸ் எடுத்து இவருக்குக் கொடுத்தார்கள். மடிப்பு ஜெராக்ஸில் விட்டு விட்டுக் கோடாக விழுந்துவிட்டது. ஷூ படத்தில் விட்டு விட்டு வரும் கோடு என்றால் தையல். இவர் ஒரிஜினலைப் பார்க்காமல் புள்ளி குத்திவிட்டார். லாட் ரிஜெக்ட் ஆன அன்றுதான் ஒரிஜினலை வாங்கிப் பார்த்திருக்கிறார். அந்த இடத்தில் தையலே இல்லை, வெறும் மடிப்பு. மேனேஜர் வருவதற்குள் புதிதாக ஒரு அட்டை வெட்டி ஆணியில் மாட்டிவிட்டு, பழையதைச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அக்காவை விசாரித்தபோது அதே ரூமில் நின்றிருக்கிறார்.

"பயந்துட்டேன்மா. வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

நேற்று மேனேஜரிடம் எழுதிக் கொடுத்துவிட்டதாகவும், மேனேஜர் பழைய கதை என்று சொன்னாலும் காகிதத்தை வாங்கி ஃபைலில் வைத்ததாகவும், அக்கா எந்தக் கம்பெனிக்குப் போக வேண்டும் என்றாலும் கூடவே வந்து இதைச் சொல்வதாகவும் சொன்னார். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு புள்ளியாக விரலால் தொட்டுக்கொண்டு போனாள்.

"இதை ஏன் கொளுத்தாம வெச்சிருந்தீங்க?"

"ரெண்டு மூணு தபா அடுப்பாண்ட எடுத்துனு போனேன். முடியல. ஒரிஜினல் இது ஒண்ணுதான இருக்குது."

அக்கா தலையாட்டினாள். "அஞ்சு வருஷம் ஆச்சு பாய். புள்ளியைப் பாத்தனா இல்லையானு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. என் கண்ணையே நான் நம்பல" என்றாள். குரல் உயரவில்லை. அப்புறம், கிளம்புங்கள், வெயில் ஏறுவதற்குள் பஸ்ஸைப் பிடியுங்கள் என்றாள். அவர் இரண்டு அடி வைத்தார், நின்றார், போய்விட்டார். தெருக்கோடிவரை மதில்களைக் கட்டைவிரலால் தொட்டுக்கொண்டே போனதை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லை. கணக்கை முடித்துக்கொண்டு பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். முத்திரை கோட்டோடு ஓகே ஆயிற்று, பூட்ஸும் கப்பலேறிப் போயிற்று. அவர் மேல் எனக்குக் கோபம் உண்டு, இப்போதும் உண்டு. அதோடு மனசு அவரைத் தேடவும் செய்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று அவர் தலை மறைந்ததும் நான் அக்காவிடம் ஆரம்பித்தேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். எதிர் மேஜையில் இருந்துகொண்டு நாலு வருஷம் என் மூஞ்சியைப் பார்த்திருக்கிறாரே, பிரியாணி கொடுத்தாரே, அந்த டப்பாவை உன் கையால் வாங்கிச் சாப்பிட்டாயே, மனுஷனா அவர் என்று கத்தினேன். அம்மா அழுதாள். அக்கா அட்டையை ஜன்னலோரம் வைத்துவிட்டு மிஷினிடம் போனாள். அறுந்திருந்த நூலை முடிபோட்டாள்.

"அவரை ஏன் திட்டற. பயந்துட்டேன்னு ஒத்துக்கினாரு" என்றாள். நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். "நீ இன்னா சொல்லப்போற? நீயும் ஒரு நாளும் நம்பல."

எனக்குத் தெரியாதென்று நினைத்தாயா என்று அவள் கேட்கவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவிட்சைப் போட்டாள். மிஷின் சத்தம் வீட்டை நிறைத்தது. மன்னித்துக்கொள் அக்கா என்று நான் சொன்னேன். அந்தச் சத்தத்தில் அவள் காதில் விழுந்திருக்காது. மிஷினை நிறுத்தி இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.